குடல் பாக்டீரியா வேலி தாண்டுகிறதா, தாண்டினால் தூக்கிப் போவது யார்? சுண்டெலியில் பார்க்கும் முறை

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் சுற்றிச் சுற்றி என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். இந்த நோய் எதிர்ப்புச் செல்லை எடுத்துவிட்டால் குடல் பாக்டீரியா உடம்புக்குள் பரவுமா, அதை எப்படிப் பார்ப்பது? செய்முறையைக் காகிதத்தில் படித்தால் சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும்: உறுப்பை எடு, அரை, பிளேட்டில் (பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக்கூழ்த் தட்டில்) பூசு, மறுநாள் காலனியை (ஒரு பாக்டீரியா பெருகி உண்டாகும் புள்ளியை) எண்ணு. அவ்வளவுதான். ஆனால் இந்த நாலு வரிக்குள் ஏமாறுவதற்கு நாற்பது இடம் இருக்கிறது, அதில் பாதியில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் செய்த முதல் பரிசோதனையில் மண்ணீரல் பிளேட் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் காலனி. குதிக்காத குறை. ஒரு வாரம் கழித்து அந்தக் காலனிகளின் 16எஸ் வரிசை (எந்த பாக்டீரியா என்று காட்டும் மரபணுவின் எழுத்து வரிசை) கைக்கு வந்தது: ஸ்டஃபைலோகாக்கஸ். குடலிலிருந்து வந்ததல்ல, எலியின் தோலிலிருந்து என் கத்தரிக்கோல் ஏறி வந்தது. பாக்டீரியா பரவியது உண்மைதான், பரப்பியது நான்.

எதை அளக்கிறோம் என்று முதலில் தெளிவாகுங்கள்

காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டும், இது பாட்டி காலத்திலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புண்ணிலிருந்து வருவதை வழியிலேயே பிடித்து நிறுத்தும் நிணநீர் முடிச்சு அது. குடலுக்கும் அப்படி ஒரு நெறி வரிசை இருக்கிறது. குடலைத் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய சவ்வுக்குள், கோர்த்த மணி மாதிரி. குடல் சுவரிலிருந்து கிளம்பும் நிணநீர் இதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். இந்தக் கட்டுரையில் வெறுமனே "நெறி" என்று எழுதினால் குடல் நெறியைத்தான் சொல்கிறேன்.

உயிரோடு இருக்கும் பாக்டீரியா குடலிலிருந்து நெறிக்கும் அதைத் தாண்டி மற்ற உறுப்புகளுக்கும் போவதை இடப்பெயர்ச்சி என்று சொல்வதும், உறுப்பை அரைத்துப் பிளேட்டில் வளர்த்து அதை எண்ணுவதும் 1979-ல் பெர்க், கார்லிங்டன் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பழக்கமானது. இன்றைக்கும் அடிப்படை முறை அதேதான். "உயிரோடு" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் காவல்காரர்கள், அவர்களை நீக்கினால் பாக்டீரியா வெள்ளமாகப் பாயும் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். அது பாதி உண்மை. 2004-ல் மெக்ஃபெர்சன், ஊர் (Uhr) என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, மேக்ரோஃபேஜ்கள் (கண்டதை விழுங்கும் செல்கள்) குடல் பாக்டீரியாவைச் சட்டென்று கொன்றுவிடுகின்றன, ஆனால் டென்ட்ரிடிக் செல்கள் (பிடித்ததை மற்ற நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுபவை) கொஞ்சம் பாக்டீரியாவைப் பல நாள் உயிரோடு உள்ளே வைத்துக்கொண்டு, நெறிக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. அங்கே போய்க் காட்டியதும் ஐஜிஏ என்ற ஆன்டிபாடியின் தயாரிப்பு தொடங்குகிறது, அந்த ஐஜிஏ குடலுக்குத் திரும்பி வந்து அடுத்த பாக்டீரியா நுழையாமல் தடுக்கிறது. சுமந்து வந்த செல்களோ நெறியைத் தாண்டிப் போவதில்லை. ஆக, ஒரே கூட்டத்தில் வாயில்காப்போனும் இருக்கிறான், மூட்டை தூக்குகிறவனும் இருக்கிறான்.

இதனால் உங்கள் பரிசோதனைக்கு என்ன? ஒரு செல்லை நீக்கியதும் நெறியில் காலனி குறைந்தால், "பாதுகாப்பு கூடியது" என்று எழுதிவிட முடியாது. சுமக்க ஆள் இல்லாமல் போயிருக்கலாம். கூடினால், காவல் போனது என்றும் சொல்ல முடியாது, சுமப்பவர் கூடியிருக்கலாம், வந்தது அங்கேயே பெருகியிருக்கலாம். எண்ணிக்கை ஒன்று, கதை மூன்று. கீழே நான் சொல்லப்போகும் வேலையெல்லாம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத்தான்.

எலியும் கூண்டும்

உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கைக்கு வரும் முன் எதையும் தொடாதீர்கள். சால்மோனெல்லா மாதிரி நோய்க்கிருமி பயன்படுத்தினால் இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு வசதி வேண்டும், அதற்குத் தனி அனுமதி.

அடுத்தது கூண்டு. எலிகள் ஒன்றின் புழுக்கையை இன்னொன்று தின்னும். அதனால் ஒரே கூண்டில் இருப்பவை எல்லாவற்றுக்கும் குடல் பாக்டீரியா கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், பக்கத்துக் கூண்டு வேறு ஊர் மாதிரி இருக்கும். மரபணு நீக்கிய எலிகளை ஒரு கூண்டிலும் சாதாரண எலிகளை இன்னொரு கூண்டிலும் வைத்து, வேறெங்கோ விலைக்கு வாங்கி, "மரபணுவால்தான் வித்தியாசம்" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஒரே தாய்க்குப் பிறந்தவற்றை, மரபணு உள்ளவையும் இல்லாதவையும் கலந்து, ஒன்றாக வளருங்கள். அது முடியாவிட்டால் குறைந்தது பல கூண்டுகளில் செய்யுங்கள், புள்ளியியலில் கூண்டையும் ஒரு காரணியாகச் சேருங்கள்.

குழுக்களில் ஒன்று கட்டாயம் பாக்டீரியா தாண்டும் என்று தெரிந்த குழுவாக இருக்கட்டும். நான் வழக்கமாக டெக்ஸ்ட்ரான் சோடியம் சல்ஃபேட்டைக் குடிநீரில் 2.5 முதல் 3 சதவீதம் கலந்து 5 முதல் 7 நாள் கொடுத்துக் குடல் சுவரைப் புண்ணாக்கிய இரண்டு மூன்று எலிகளை வைத்துக்கொள்வேன். இவற்றிலும் காலனி வரவில்லை என்றால் முறையில் கோளாறு, அன்றைக்கு மற்ற பிளேட்டுகள் காலியாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை.

ஆன்டிபயாடிக் கொடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைக் குடலில் குடியேற்ற வேண்டும் என்றால், முன்னாடியே ஆன்டிபயாடிக் கொடுத்து இடத்தைக் காலி செய்வது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் 2013-ல் டீல் குழுவினர் நேச்சர் இதழில் காட்டியது இதுதான்: சாதாரணமாகக் குடல் சுவரோடு ஒட்டியிருந்து நகராத சிஎக்ஸ்3சிஆர்1 என்ற மேற்பரப்புப் புரதம் அதிகமுள்ள செல்கள், ஆன்டிபயாடிக்கால் குடல் பாக்டீரியா கலைந்ததும், பாக்டீரியாவைத் தூக்கிக்கொண்டு நெறிக்குக் கிளம்பிவிடுகின்றன. அதாவது நீங்கள் அளக்க நினைக்கும் போக்குவரத்தையே நீங்கள் கொடுத்த மருந்து மாற்றிவிடும். ஆன்டிபயாடிக் கொடுத்த குழுவுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த ஒப்பீட்டுக் குழு வேண்டும், வேறு வழியில்லை.

அறுக்கும் நாள்

பத்து எலிகளை வரிசையாகக் கொன்று வைத்துவிட்டு ஒவ்வொன்றாக அறுக்காதீர்கள். உயிர் போனதும் குடல் சுவரும் தளர்ந்துவிடும், உள்ளே இருப்பது வெளியே கசியத் தொடங்கும். கடைசி எலிக்கு வரும்போது நீங்கள் எண்ணுவது நோய் எதிர்ப்பையா, பிண அழுகலையா என்றே தெரியாது. ஒன்றைக் கொல்லுங்கள், உறுப்புகளை எடுத்துப் பனிக்கட்டியில் வையுங்கள், அப்புறம் அடுத்தது. எல்லாக் குழுவிலிருந்தும் மாற்றி மாற்றி எடுங்கள், ஒரு குழுவை முடித்துவிட்டு இன்னொன்று என்று போகாதீர்கள்.

எலியை 70 சதவீத எத்தனாலில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். முடி பறக்கக் கூடாது. தோலை வெட்ட ஒரு கத்தரி, வயிற்றுச் சவ்வைத் திறக்க இரண்டாவது, உறுப்பை எடுக்க மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருபோதும் கலக்காதீர்கள். எத்தனாலில் முக்கித் துடைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள், எத்தனால் பாசிலஸ் வித்துகளைக் கொல்லாது, அதனால் ஒவ்வொரு எலிக்கும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில்) சுத்தம் செய்த தனி செட் வைத்துக்கொள்வதுதான் நல்லது. எண்ணிக்கை போதவில்லை என்றால் சூடான கண்ணாடி மணிகள் நிரப்பிய ஸ்டெரிலைசரில் சொருகி எடுத்து, ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வரிசை முக்கியம். சுத்தமாக இருக்க வேண்டியது முதலில், அழுக்கு கடைசியில்: மண்ணீரல், கல்லீரல், நெறி, கடைசியாகக் குடல். குடலில் கத்தி பட்டுக் கிழிந்துவிட்டால், அந்த எலியின் நெறியைக் கணக்கில் எடுக்காதீர்கள். நோட்டில் "குடல் கிழிந்தது" என்று எழுதிவிட்டு நகருங்கள். மனசு வராது, தெரியும். ஆனால் அந்த ஒரு புள்ளிதான் வரைபடத்தில் தனியாக உச்சியில் போய் உட்காரும், ஆறு மாதம் கழித்து எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நெறியைக் கண்டுபிடிப்பது முதல் சில தடவை கஷ்டம். குடலை மெதுவாக எலியின் இடப்பக்கமாக எடுத்து விரித்தால் நடுவில், பெருங்குடல் தொடக்கத்துக்குப் பக்கத்தில், இரத்தக்குழாயை ஒட்டிச் சங்கிலியாகத் தெரியும். கொழுப்பு வெள்ளையாகப் பளபளக்கும், நெறி கொஞ்சம் சாம்பல் கலந்த நிறத்தில், தொட்டால் இறுக்கமாக, அவரை விதை மாதிரி இருக்கும். சந்தேகம் இருந்தால் பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசலில்) போட்டுப் பாருங்கள்: கொழுப்பு மிதக்கும், நெறி மூழ்கும். இளஞ்சிவப்பாகத் தளர்ந்து கிடப்பது கணையம், அதை எடுத்து வராதீர்கள். குடல் சுவரிலேயே புடைத்திருக்கும் பேயர் திட்டுகளும் நெறி அல்ல. இன்னொன்று, சங்கிலியின் எல்லா மணியும் ஒன்றல்ல. சில சிறுகுடலுக்கு, சில பெருங்குடலுக்கு. உங்கள் பாக்டீரியா பெருங்குடலில் குடியிருப்பது என்றால் பெருங்குடல் பக்கத்து முடிச்சைத் தனியாக எடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் உள்ள விடையும் நீர்த்துப்போகும்.

அரைப்பது, பூசுவது, எண்ணுவது

நெறியை 500 மைக்ரோலிட்டர் சுத்தமான பிபிஎஸ்ஸில், 0.1 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து அரையுங்கள். டிரைட்டான் எலியின் செல்லை உடைக்கும், உள்ளே ஒளிந்திருக்கும் பாக்டீரியா வெளியே வரும். 5 மில்லிமீட்டர் எஃகு மணி ஒன்று போட்டு இரண்டு நிமிடம் குலுக்கினால் போதும். பொடிப்பொடிக் கண்ணாடி மணி வேண்டாம், அது பாக்டீரியாவையும் சேர்த்து உடைத்துவிடும். டியூப் சூடாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டிரைட்டானில் ஊறவைத்துவிட்டு டீ குடிக்கவும் போகாதீர்கள்.

எந்தப் பிளேட்? குடல் பாக்டீரியாவில் பெரும்பான்மை ஆக்சிஜன் பட்டால் பிழைக்காதவை. எல்பி அகாரில் (வழக்கமான ஊட்டக்கூழில்) காற்றோடு 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டு "மண்ணீரல் சுத்தம்" என்று சொல்வது, தெருவில் எட்டிப் பார்த்துவிட்டு ஊரில் யாருமே இல்லை என்பது மாதிரி. ஒவ்வொரு மாதிரியையும் இரத்த அகாரில் காற்றோடு 48 மணி நேரம், காற்றில்லாப் பெட்டிக்குள் குறைந்தது 72 மணி நேரம், முடிந்தால் ஐந்து நாள் வளருங்கள். ஈ. கோலை குடும்பத்தை மட்டும் தேடினால் மெக்கான்கி அகாரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 500 மைக்ரோலிட்டரில் 100 மைக்ரோலிட்டரைப் பூசினீர்கள், 7 காலனி வந்தது: ஒரு நெறிக்கு 35. ஒன்றுமே வரவில்லை என்றால்? சுழியம் என்று எழுதாதீர்கள், "5-க்கும் குறைவு" என்று எழுதுங்கள், ஏனென்றால் ஒரு காலனி வந்திருந்தாலே 5 ஆகியிருக்கும். உங்களால் பார்க்க முடிந்த எல்லை அதுதான். கல்லீரல் விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒரு கிராமுக்கும் மேல் எடையுள்ள உறுப்பிலிருந்து ஒரு துணுக்கை மட்டும் அரைத்துவிட்டு முழுக் கல்லீரலுக்குப் பேசுகிறோம். அதனால் நெறியையும் மண்ணீரலையும் முடிந்தவரை முழுசாகப் பூசிவிடுங்கள், கல்லீரலுக்கு எவ்வளவு எடை எடுத்தீர்கள் என்று எழுதி கிராமுக்குக் கணக்குப் போடுங்கள்.

இந்த எண்கள் ஒழுங்கான கோயில் மணி வடிவ வளைகோடாக வராது. பாதி எலிகளில் ஒன்றுமில்லை, இரண்டில் பத்து, ஒன்றில் ஆயிரம், இப்படித்தான் இருக்கும். சராசரி போட்டு டி சோதனை செய்வது வீண். தரவரிசையை வைத்து ஒப்பிடும் மேன்-விட்னி சோதனை செய்யுங்கள், கூடவே "எத்தனை எலியில் எத்தனையில் வந்தது" என்பதையும் எழுதுங்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது எண்தான் நேர்மையானது.

சுத்தம் பார்க்கும் பிளேட்டுகள் இல்லாமல் இந்தப் பரிசோதனையே செய்யாதீர்கள்: அறுக்கும் மேசையில் மூடி திறந்து வைத்த ஒரு பிளேட், உறுப்பு எதுவும் போடாமல் மணி, பிபிஎஸ், டிரைட்டான் மட்டும் சேர்த்து அரைத்ததைப் பூசிய ஒரு பிளேட், கருவியைக் கழுவிய பிபிஎஸ் ஒரு பிளேட், எலியின் வயிற்றுத் தோலைத் துடைத்த பஞ்சு ஒரு பிளேட். உறுப்பில் வந்த காலனியும் தோல் பிளேட்டில் வந்ததும் ஒரே முகம் என்றால் என் கதைதான் உங்களுக்கும். முகத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு வகைக் காலனியிலும் இரண்டு மூன்றை எடுத்து 27எஃப், 1492ஆர் பிரைமரால் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளால்) 16எஸ் மரபணுவைப் பெருக்கி வரிசை பாருங்கள். மால்டி கருவி (புரதங்களின் எடையை வைத்து பாக்டீரியாவை அடையாளம் காண்பது) பக்கத்தில் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

சாதாரண எலியில் என்ன எதிர்பார்க்கலாம்? நெறியில் சில சமயம் கொஞ்சம் காலனி வரும், பயப்பட வேண்டாம், அது அன்றாடப் போக்குவரத்து. மண்ணீரலும் கல்லீரலும் காலியாக இருக்க வேண்டும். நெறி காலி, கல்லீரலில் மட்டும் காலனி என்றால் நிணநீர் வழியை விட்டு இரத்த வழியை யோசியுங்கள். குடலின் இரத்தம் நேராகக் கல்லீரலுக்குத்தான் போகிறது, குடல் இரத்தக்குழாய்க்கும் தனியாக ஒரு தடுப்பு உண்டு என்பதையும் சால்மோனெல்லா அதை உடைத்துப் போகும் என்பதையும் 2015-ல் ஸ்படோனி குழு காட்டியது. கல்லீரலிலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் அந்த வழிக்கான வடிகட்டி.

யார் சுமந்தது என்று கண்டுபிடிப்பது

நெறியில் காலனி வந்துவிட்டது, தோலிலிருந்து வரவில்லை என்றும் உறுதியாகிவிட்டது. அது செல்லுக்குள் உட்கார்ந்து வந்ததா, தானே நீந்தி வந்ததா?

எளிய வழி ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக். இந்த மருந்து செல்லுக்குள் எளிதில் போகாது, வெளியே இருப்பதை மட்டும் கொல்லும். நெறியை டிரைட்டான் இல்லாமல் மெதுவாகத் தனிச் செல்களாகப் பிரித்து, பாதியை மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டாமைசினில் ஒரு மணி நேரம் வைத்து, நன்றாகக் கழுவி, அப்புறம் டிரைட்டானால் உடைத்துப் பூசுங்கள். மறுபாதியை மருந்தில்லாமல் அப்படியே. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பாக்டீரியா செல்லுக்குள் இருந்தது என்று சொல்லலாம்.

ஆனால், இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள், ஜென்டாமைசின் பாக்டீரியாவுக்குள் நுழைய ஆக்சிஜனைச் சார்ந்த சுவாசம் வேண்டும். பாக்டீராய்டஸ் மாதிரி காற்றில்லாமல் வாழ்பவற்றுக்கு இந்த மருந்து ஏறவே ஏறாது. என்டெரோகாக்கஸும் இயல்பிலேயே ஓரளவு தாங்கும். அவை செல்லுக்கு வெளியே இருந்தாலும் பிழைத்து நின்று "உள்ளே இருந்தோம்" என்று பொய் சொல்லும். உங்கள் பாக்டீரியாவை வெறும் குழம்பில் வளர்த்து, அதே அளவு ஜென்டாமைசினில் ஒரு மணி நேரத்தில் சாகிறதா என்று முதலில் பாருங்கள். சாகவில்லை என்றால் இந்த முறையை மறந்துவிடுங்கள்.

இன்னொரு அசட்டுத் தவறு: ஆய்வகத்தில் எல்லோரும் பொதுவாக வைத்திருக்கும் ஆர்பிஎம்ஐ (செல் வளர்க்கும் திரவம்) பாட்டிலில் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் கலந்திருக்கும். அதில் செல்லைக் கழுவிவிட்டுக் காலனி வரவில்லையே என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். மருந்தில்லாத மீடியம் தனியாக வையுங்கள், பாட்டிலில் பெரிதாக எழுதுங்கள். திசுவைப் பிரிக்கக் கொலாஜினேஸ் என்ற என்சைம் போட்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் ஈ. கோலை மாதிரி வேகமானவை அதற்குள் ஒரு தடவை இரட்டித்துவிடும், அதையும் நினைவில் வையுங்கள்.

எந்தச் செல் என்று பெயர் சொல்ல வேண்டும் என்றால் ஃப்ளோ சார்ட்டருக்கு (செல்களை மேற்பரப்பு அடையாளம் பார்த்து வகை பிரிக்கும் கருவிக்கு) போக வேண்டும். சிடி11சி, எம்எச்சி-2, சிடி103, சிடி64, சிஎக்ஸ்3சிஆர்1 இவை ஐந்தையும் அடையாளமாகப் பார்த்தால் டென்ட்ரிடிக் செல்லையும் மேக்ரோஃபேஜையும் ஓரளவு பிரித்துவிடலாம். சிடி11சி மட்டும் பார்த்துவிட்டு டென்ட்ரிடிக் என்று சொல்லாதீர்கள், குடல் மேக்ரோஃபேஜிலும் அது இருக்கும். ஒவ்வொரு வகையிலும் ஒரே எண்ணிக்கை, உதாரணமாக இருபதாயிரம் செல், எடுத்து உடைத்துப் பூசுங்கள். முந்தின ராத்திரியே சார்ட்டரின் குழாய்களைப் பிளீச், எத்தனால், சுத்த நீர் என்று வரிசையாக ஓட்டிக் கழுவச் சொல்லுங்கள், மறுநாள் செல் எதுவும் விடாமல் கருவியின் திரவத்தை மட்டும் ஒரு டியூபில் பிடித்து அதையும் பிளேட்டில் பூசுங்கள். அந்தத் திரவத்திலேயே சூடோமோனாஸ் குடியிருப்பதை ஒரு தடவை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

பாக்டீரியா இருந்த செல்லைக் கண்டுபிடித்தாலும் அது சுமந்து வந்ததா, நெறிக்கு வந்த பிறகு விழுங்கியதா என்ற கேள்வி மிச்சம். டென்ட்ரிடிக் செல் குடலிலிருந்து நெறிக்கு வர சிசிஆர்7 என்ற வழிகாட்டி ஏற்பி வேண்டும். அது இல்லாத எலியில் பாக்டீரியா நெறிக்கு வருவது நின்றுபோனால் சுமந்தது செல்தான் என்பதற்குப் பலமான சாட்சி. பலமானது, முழுமையானது அல்ல: சிசிஆர்7 இல்லாத எலியில் நிணநீர் முடிச்சின் உள்ளமைப்பே மாறியிருக்கும். நெறியைத் தாண்டினாலும் சுமப்பவர்கள் உண்டு. சால்மோனெல்லா சிடி18 என்ற அடையாளம் உள்ள விழுங்கு செல்களில் ஏறிக் குடலிலிருந்து மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் போவதை 1999-லேயே வாஸ்கெஸ்-டோரஸ் குழு காட்டிவிட்டது. சாதுவான குடல் பாக்டீரியாவுக்கு நெறி கடைசி நிறுத்தம், கெட்டதுக்கு அது நடுவழி நிறுத்தம்.

வந்தவை எத்தனை, வந்த இடத்தில் பெருகியவை எத்தனை? இதற்கு எனக்குப் பிடித்த தந்திரம் இரண்டு. ஒன்று, உடம்பில் பெருகவே முடியாத பாக்டீரியா: 2010-ல் ஹாப்ஃபெல்மையர் குழு உருவாக்கிய எச்ஏ107 என்ற ஈ. கோலை, பாலூட்டி உடம்பில் கிடைக்காத மீசோ-டையமினோபிமெலிக் அமிலமும் டி-அலனினும் இல்லாமல் பெருகாது. அவற்றைப் பிளேட்டில் கலந்து வளர்த்தால் வந்தவை மட்டுமே எண்ணிக்கையில் வரும். இரண்டாவது, ஒரே பாக்டீரியாவில் வேறு வேறு டிஎன்ஏ அடையாளம் வைத்த பல வகைகளைச் சம அளவில் கலந்து ஊட்டுவது. நெறியில் ஆயிரம் காலனி, எல்லாம் ஒரே அடையாளம் என்றால் ஒன்று வந்து ஆயிரமாகியிருக்கிறது. எல்லா அடையாளமும் கலந்து வந்தால் கதவு நிஜமாகவே திறந்து கிடக்கிறது. ஒரே அடையாளம் வந்தால் கொல்லும் செல்லைச் சந்தேகப்படுங்கள், கலந்து வந்தால் தடுக்கும் சுவரை.

செல்லை நீக்கும்போது

எந்த மருந்தும் நீங்கள் சொன்ன செல்லை மட்டும் நீக்காது. நியூட்ரோஃபிலை (கிருமியை விழுங்கும் வெள்ளணுவை) நீக்க ஆர்பி6-8சி5 ஆன்டிபாடி போட்டால் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவில் ஒரு பகுதியும் போகும், 1ஏ8 ஆன்டிபாடி அதைவிடக் குறி பார்த்து அடிக்கும். விழுங்கும் செல்களைக் கொல்லும் கிளோட்ரோனேட் லிப்போசோமை இரத்தக்குழாயில் ஏற்றினால் குப்ஃபர் செல்லும் மண்ணீரல் மேக்ரோஃபேஜும் சேர்ந்து காலி, அப்புறம் கல்லீரலில் பாக்டீரியா கூடியது குடல் வேலி உடைந்ததாலா, வடிகட்டி போனதாலா? சிடி11சி-டிடிஆர் எலியில் (சிடி11சி உள்ள செல்கள் டிப்தீரியா நச்சுக்குச் சாகும்படி மரபணு மாற்றியதில்) டிப்தீரியா நச்சு கொடுத்தால் டென்ட்ரிடிக் செல்லோடு சில மேக்ரோஃபேஜ்களும் சாகும். அதே நச்சைச் சாதாரண எலிக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். நீக்கிய பிறகு நிஜமாகவே நீங்கியதா என்று ஃப்ளோவில் பார்ப்பது குடலிலும் நெறியிலும் இருக்க வேண்டும், இரத்தத்தில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகாதீர்கள்.

நீக்கியதோடு நிற்காமல் திருப்பிக் கொடுத்தும் பாருங்கள். இதற்கு நான் எல்லோருக்கும் காட்டும் மாதிரி 2012-ல் சோனன்பெர்க் குழு சயின்ஸ் இதழில் வெளியிட்டது. உள்ளார்ந்த லிம்ஃபாய்ட் செல்களை (குடல் சுவரைக் காக்கும் ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்களை) நீக்கினார்கள், குடல் பாக்டீரியா மற்ற உறுப்புகளுக்குப் பரவியது, உடம்பு முழுக்க அழற்சி. அந்தச் செல்கள் சுரக்கும் ஐஎல்-22 என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிலிருந்து கொடுத்தார்கள், பரவல் தடைப்பட்டது. பரவியது எது என்றும் பெயர் சொன்னார்கள்: அல்கலிஜீனஸ். அது குடலின் குழாய்க்குள்ளிருந்து வந்ததல்ல, நிணநீர்த் திசுவுக்குள்ளேயே குடியிருந்தது! அதோடு விடாமல் அல்கலிஜீனஸை மட்டும் வைத்து, செல்லை நீக்கினால் அதே அழற்சி வருகிறது என்றும் காட்டினார்கள். நீக்கு, திருப்பிக் கொடு, யாரென்று பெயர் சொல், அவனை மட்டும் வைத்துத் திரும்பச் செய். இந்த நாலில் முதலாவதை மட்டும் செய்துவிட்டுத்தான் நம்மில் பலர் கட்டுரை எழுத உட்காருகிறோம்.

குறுக்கு வழிகள் பற்றி

டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியை, ஒளிரும் 4 கிலோடால்டன் வகையை, குடிக்கக் கொடுத்து நாலு மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பது சுலபம், பலர் இதை மட்டும் செய்துவிட்டு பாக்டீரியா கசிகிறது என்கிறார்கள். டெக்ஸ்ட்ரான் சில நானோமீட்டர், பாக்டீரியா மைக்ரோமீட்டர் கணக்கு. சல்லடையில் மாவு இறங்கியதைப் பார்த்து பூசணிக்காயும் இறங்கும் என்று சொல்வது மாதிரி. (ஒழுகும் குடல் என்று பயமுறுத்திப் பொடி விற்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

நேரடியாக உறுப்பிலிருந்து டிஎன்ஏ எடுத்து 16எஸ் பார்ப்பதும் அப்படித்தான். பாக்டீரியா மிகக் குறைவாக உள்ள மாதிரியில், டிஎன்ஏ பிரிக்கும் கிட்டிலேயே இருக்கும் பாக்டீரியா டிஎன்ஏ மேலெழுந்து வரும், வெற்று மாதிரிகள் இல்லாமல் அந்தத் தரவு பயனற்றது. செத்ததும் டிஎன்ஏதான், உயிரோடு இருப்பதும் டிஎன்ஏதான். மனிதர்களில் வேறு வழியில்லாமல் இரத்தத்தில் எல்பிஎஸ் (பாக்டீரியா சுவரின் ஒரு துண்டு) அளக்கிறார்கள். எச்ஐவியில் குடலின் சிடி4 செல்கள் அழிந்தபின் இரத்தத்தில் எல்பிஎஸ் கூடுவதை 2006-ல் பிரென்ச்லி குழு காட்டியது அப்படித்தான். அது பாக்டீரியாவின் துண்டு வந்ததற்குச் சாட்சி, முழு பாக்டீரியா உயிரோடு வந்ததற்கு அல்ல.

குடல் சுவரிலேயே இடைவெளியைப் பார்க்க ஆசை என்றால் திசுவை ஃபார்மலினில் போடாதீர்கள், சளிப்படலம் சுருங்கிக் காணாமல் போய்விடும், பாக்டீரியா சுவரில் ஒட்டியிருப்பது போலப் படம் வரும். கார்னாய் கரைசலில், மலத்தோடு சேர்த்து, கழுவாமல் போடுங்கள். அப்புறம் இயூபி338 என்ற ஒளிரும் அடையாளத்தால் பாக்டீரியாவைப் பார்க்கலாம். சிறுகுடலில் சுவருக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே சுமார் 50 மைக்ரோமீட்டர் இடைவெளி இருப்பதும், ரெக்3காமா என்ற புரதம் இல்லாவிட்டால் அது சுருங்குவதும் 2011-ல் வைஷ்ணவா குழுவின் படங்களில் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. எண்ணி முடித்ததும் பிளேட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஒவ்வொரு வகைக் காலனியையும் தனியாகக் கீறி வளர்த்து, 25 சதவீத கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், டியூபில் எலி எண், உறுப்பு, தேதி மூன்றும் இருக்கட்டும். ஒரு வருஷம் கழித்து, அந்தக் கல்லீரலில் இருந்தது எந்த என்டெரோகாக்கஸ், அதையே திரும்பக் கொடுத்தால் மறுபடி அங்கே போகுமா என்று யாராவது கேட்பார்கள். மூடியில் மட்டும் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும். டியூபின் பக்கவாட்டில் எழுதுங்கள், எத்தனால் பட்டால் அழியாத பேனாவால்.